தோரியம், யுரேனியம் மாதிரியான கனமான தனிமங்கள் எங்கே உருவாகின்றன? உருவானது ஏன் சிதைகிறது?

மலேசியாவின் பத்து காஜாவில் வளர்ந்தவனுக்கு இது சொந்த ஊர்க் கேள்வி. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய லம்பத்தின், அதாவது ஈயச் சுரங்கத்தின், குட்டை. கரையில் கறுப்பும் பழுப்புமாக மணல் கிடக்கும். ஒரு பிடி அள்ளினால் ஆற்று மணலைவிட நன்றாகக் கனக்கும். வெள்ளீயத்தை அலசி எடுத்தபின் மிஞ்சுவது, பெயர் அமாங். சின்ன வயதில் அதில் காந்தம் வைத்து விளையாடியிருக்கிறோம். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது என்பது ஆறாம் படிவத்தில்தான் தெரிந்தது.

விண்மீன்கள் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறுவது இரும்பு வரைதான். அதற்கு மேல் கரு பெரும்பாலும் நியூட்ரான்களை விழுங்கித்தான் வளர வேண்டும். வயதான விண்மீன்களில் இது நிதானமாக நடக்கும்: ஒன்று சேரும், தேவைப்பட்டால் அது புரோட்டானாக மாறும், அப்புறம் அடுத்தது. வெள்ளீயத்தில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ஆனால் இந்த வழி பிஸ்மத்தோடு முட்டி நின்றுவிடும். அடுத்த படியான பொலோனியம் ஆல்பா துகளை (இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கட்டு) உமிழ்ந்து காரீயமாகிவிடும். பிஸ்மத்தில் 83 புரோட்டான், தோரியத்தில் 90. நடுவில் கால் ஊன்ற ஓர் இடம் கிடையாது. ஆகவே சிதைய நேரமே கொடுக்காமல் நியூட்ரான்கள் வந்து கொட்ட வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய நியூட்ரான்களாலேயே ஆன இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பூமியில் பதிவானது. பின்னால் வந்த ஒளியில் கனமான தனிமங்கள் பிறந்த அடையாளம் இருந்தது.

சரி, ஏன் சிதைகிறது? தோட்டத்தில் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்புக் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். சண்டைச் சத்தம் கடைசி வீடு வரை கேட்கும். கருவைக் கட்டிவைக்கும் விசை அந்தக் கிண்ணம். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை அந்தச் சத்தம். லயம் நீள நீளச் சத்தம்தான் ஜெயிக்கும்.

தோரியம்-232 ஆறு ஆல்பா, நான்கு பீட்டா (நியூட்ரான் புரோட்டானாக மாறுவது) சிதைவுகளுக்குப் பிறகு காரீயம்-208 ஆகி அடங்குகிறது. நடுவில் ஒரு கட்டம் ரேடான் வாயு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஒரு நிமிடம்கூட இல்லை. தோரியத்துக்கோ சுமார் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடிதான்! பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் 80 விழுக்காடு இன்னும் அப்படியே இருக்கிறது.

கையில் அள்ளி விளையாடியதற்காகப் பயப்பட வேண்டாம். ஆலைகளில் அதன் தூசியை நாள் முழுக்கச் சுவாசிப்பதும், மோனசைட்டை உடைத்துத் தோரியக் கழிவைக் குவிப்பதும் வேறு விஷயம். 1980களில் இதற்காகவே ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள்.

குட்டைக்கரை மணலில் காரீயம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். எத்தனை வருஷம் ஆகும் என்றார். பாதிக்கே 1,405 கோடி என்றேன்.

"அப்போ மறுபடியும் லம்பம் தொறக்க மாட்டானுங்க" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.