பிக்கப்புக்கு அடியில செவப்பா சொட்டுது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என்னுது ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப். ராத்திரி நிறுத்தி காலைல எடுத்தா முன் சக்கரத்துக்கு கொஞ்சம் பின்னாடி தரையில செவப்பா வழவழன்னு ஆயில் சொட்டி கிடக்கு. மெக்கானிக் கீழ குனிஞ்சு பாத்துட்டு, கியர்பாக்ஸ் சீல் போயிடுச்சு, பாக்ஸ இறக்கணும்ங்கறார். இறக்கிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. ஆட்டோமேட்டிக் பாக்ஸ்ல ஆயில் பயங்கரமா சூடாகும், முக்கியமா இஞ்சின் சக்திய பாக்ஸுக்கு கடத்தற டார்க் கன்வர்ட்டர்ல, பாரம் ஏத்தினாலோ டிரெய்லர் இழுத்தாலோ இன்னும் ஜாஸ்தி. அந்த சூட்ட இறக்க உள்ள இருக்கற பம்ப் ஆயில ஒரு பைப் வழியா முன்னாடி ரேடியேட்டருக்கு உள்ள இருக்கற கூலருக்கு அனுப்பும், அங்க ஆறினது இன்னொரு பைப்ல திரும்பி வரும். சில வண்டில ரேடியேட்டருக்கு முன்னாடி தனியா ஒரு கூலரும் இருக்கும். இந்த ரெண்டு பைப்தான் கூலர் லைன். இஞ்சின் பக்கவாட்டுல, சேசிஸ ஒட்டி, நீளமா போறதால மண்ணும் தண்ணியும் உப்பும் முதல்ல தாக்கறது இதத்தான். இதுல ஒரு இடத்துல லேசா கசிஞ்சாலும் வண்டி ஓடும்போது காத்து அந்த ஆயில பின்னாடி தள்ளி கியர்பாக்ஸ் முழுக்க பூசிடும், கீழேர்ந்து பாக்கறவருக்கு பாக்ஸே ஒழுகற மாதிரிதான் தெரியும்.

அதனால மொதல்ல கழுவுங்க. இஞ்சின் ஆறினதும் டீகிரீசரோ பிரேக் கிளீனரோ போட்டு லைன், பாக்ஸ் எல்லாத்தையும் சுத்தமா துடைச்சு காய விட்டு, இஞ்சின ஸ்டார்ட் பண்ணி சூடாக விட்டு டார்ச் அடிச்சு பாருங்க. ஈரம் தெரியற இடங்கள்லயே ரொம்ப மேலயும் ரொம்ப முன்னாடியும் எது இருக்கோ அங்கதான் ஆரம்பம், கீழ தொங்கற சொட்டு சும்மா வழிஞ்சு வந்தது. வழக்கமா மூணு இடம் பாக்கணும். ஸ்டீல் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேர்ற அந்த நசுக்கி இறுக்கின வளையம், ரேடியேட்டர்லயும் பாக்ஸ்லயும் லைன் மாட்டற கனெக்டர், அப்புறம் பைப்ப பிடிச்சிருக்கற கிளாம்புக்கு அடிப்பக்கம். கிளாம்புக்கு உள்ள ஈரம் தேங்கி யார் கண்ணுக்கும் படாம துரு அரிக்கும், அதனால கிளாம்ப கழட்டிட்டு பாருங்க. அப்பவும் பிடிபடலன்னா ஏடிஎஃப்ல, அதாவது இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்ல, கலக்கற யூவி சாயம் கிடைக்குது, கலந்து ஓட்டிட்டு நீல லைட் அடிச்சா கசியற எடம் பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும்.

இன்னொண்ணு, நிறைய வண்டில பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே செவப்பு ஆயில்தான் ஊத்தறாங்க, அந்த டப்பால அளவு குறையுதான்னும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க. எல்லா ஏடிஎஃப்பும் செவப்பும் இல்ல, பழசானா பழுப்பாயிடும், அதனால கலர மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க.

கேள்வி: சொட்டு சொட்டாதான் போகுது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் ஓட்டலாமா?

பதில்: டெய்லி அளவு பாத்து ஊத்திக்கிட்டு பக்கத்துல போய்ட்டு வர்றது வேற, பாரம் ஏத்திக்கிட்டு ஹைவேல போறது வேற. துருப்பிடிச்ச பைப் எப்பவும் சொட்டாவே இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. அது பொசுக்குன்னு கிழிஞ்சா பம்ப் பாட்டுக்கு ஆயில வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், நிமிஷக் கணக்குல பாக்ஸ் காலி. ஆயில் குறைஞ்சா கியர டி-ல (டிரைவ்) போட்டதும் வண்டி கொஞ்ச நேரம் யோசிக்கும், அப்புறம் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறும் வண்டி ஏறாது, கீழேர்ந்து ஙொய்ங்னு ஒரு சத்தம் வேற வரும். அந்த நிலைமைலயும் மிதிச்சீங்கன்னா உள்ள கிளட்ச் பிளேட் கருகிடும், அப்ப நெஜமாவே பாக்ஸ இறக்கணும். லைன் செலவு எங்க, பாக்ஸ் செலவு எங்க.

சூடான சைலன்சர் பைப் மேல ஆயில் தெளிச்சா தீயும் பிடிக்கும். கருகின வாடையோ புகையோ வந்தா ஓரங்கட்டி இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்கிடுங்க. அடுத்த மாசம்லாம் வேணாம்.

கேள்வி: பைப்ல ஒரு இடம் மட்டும்தான் ஓட்டை. அத வெட்டிட்டு நடுவுல ரப்பர் ஹோஸ் போட்டு ரெண்டு க்ளாம்ப் இறுக்கிடலாம்ங்கறாங்க அண்ணே. சரிதானா?

பதில்: செய்யலாம், ஆனா முக்காவாசி பேர் செய்யற விதம் தப்பு. கைக்கு கெடச்ச பெட்ரோல் ஹோஸ மாட்டுவாங்க, அது இந்த சூட்டுக்கும் இந்த ஆயிலுக்கும் செஞ்சது இல்ல, கொஞ்ச நாள்ல வெறைச்சு வெடிச்சிடும். டிரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, எஸ்ஏஇ ஜே1532னு மேல அச்சடிச்சிருக்கும். அடுத்தது, வெட்டின பைப் முனை மொழுமொழுன்னு இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் சூடேறினதும் ஹோஸ் நழுவும். பைப் முனைய விரிக்கற ஃப்ளேர் டூல் வெச்சு முனைல சின்னதா ஒரு மேடு எழுப்பி, ஹோஸ அதையும் தாண்டி நல்லா உள்ள ஏத்தி, மேட்டுக்கு பின்னாடி க்ளாம்ப் போடணும். எக்ஸாஸ்ட் பக்கத்துல ஓட்டைன்னா ரப்பர் பேச்சே வேணாம், அங்க மெட்டல் பைப்தான்.

அந்த மெட்டல் பைப்பும் சாதா செம்பு வேண்டாம், அதிர்வுல வெறைச்சுப் போயி கீறல் விடும். காப்பர் நிக்கல் கலந்த பைப் கிடைக்குது, கையாலயே வளைக்கலாம், துருவும் பிடிக்காது. ரெண்டு பைப்ப இணைக்கற யூனியன் போட்டு சேக்கறீங்கன்னா ஃப்ளேர் கோணம், அதாவது முனைய விரிச்ச கோணம், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், 45 டிகிரி முனைய 37 டிகிரி ஃபிட்டிங்ல இறுக்கினா ஒழுகத்தான் செய்யும். என்னைக் கேட்டா ஒரு இடம் அரிச்சுப்போன பைப்ல மத்த இடமும் வரிசைல நிக்குதுன்னு அர்த்தம், ரெண்டு லைனையும் புதுசா மாத்திடறது நிம்மதி.

கேள்வி: புது லைனே போட்டாச்சு சார், ரேடியேட்டர் கனெக்டர்ல இன்னும் கசியுது. லைனே டூப்ளிகேட்டா இருக்குமோ?

பதில்: மொதல்லயே லைன் மேல பழி போடாதீங்க. உங்களுது அழுத்தி மாட்டற டைப்பா இருந்தா உள்ள மெல்லிசா ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய கிளிப்பையே திரும்ப போட்டாங்களான்னு கேளுங்க, ஒருதடவ கழட்டினதும் அது விரிஞ்சிடும், புதுசுதான் போடணும். போடும்போதும் நேரா அழுத்தி ஏத்தாம ஒரு முனைய கனெக்டர்ல வெட்டியிருக்கற காடில (பள்ளத்துல) மாட்டிட்டு கட்டைவிரலால சுத்தி உக்கார வைக்கணும். பல வண்டில அந்த கிளிப்போட மூணு காதும் காடிக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி தெரியணும், ரெண்டுதான் தெரியுதுன்னா சரியா உக்காரல. அப்புறம் பைப்ப தள்ளினா க்ளிக்னு கேக்கணும், இழுத்துப் பாத்தா வரக்கூடாது. உள்ள இருக்கற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், கிழிஞ்சிருக்கான்னும் பாருங்க, காஞ்ச ஓ-ரிங்ல ஆயில் தடவாம பைப்ப குத்தினா அறுந்துடும்.

நட்டு போட்டு இறுக்கற டைப்னா எப்பவும் ரெண்டு ஸ்பேனர். ஒண்ணால ரேடியேட்டர் பக்க ஃபிட்டிங்க அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணால நட்ட திருப்பணும். ஒத்த ஸ்பேனர்ல முறுக்கினா ரேடியேட்டருக்கு உள்ள இருக்கற கூலரும் சேந்து திரும்பி அங்க உடையும், அது வெளியவே தெரியாது.

கேள்வி: கூலன்ட் டப்பாவ தொறந்தா ரோஸ் கலர்ல பால் மாதிரி கலங்கி இருக்கு. வெளிய எங்கயும் ஒழுகல.

பதில்: வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. மேல சொன்ன உள்கூலர்தான் உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், ஆயில் கூலன்ட்டுக்குள்ளயும் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ளயும் போகும். பாக்ஸ் கிளட்ச் பிளேட் மேல இருக்கற உராய்வுப் பொருள் பசை வெச்சு ஒட்டினது, கூலன்ட் பட்டா உரிஞ்சு வந்துடும். கட்டி இழுத்துட்டு போயி ரேடியேட்டர மாத்தி ரெண்டு பக்கமும் கழுவணும்.

கேள்வி: லீக்க நிறுத்தற மருந்துன்னு பாட்டில்ல விக்குதே, ஊத்தலாமா?

பதில்: அது காஞ்சுபோன ரப்பர் சீல கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். பைப்ல இருக்கற ஓட்டைய எப்படி அடைக்கும்?

கேள்வி: லைன் மாத்தினப்ப போன ஆயில ஊத்தணும், ஆனா என் வண்டில கியர்பாக்ஸ் ஆயில் அளவு பாக்கற குச்சி, டிப்ஸ்டிக்கே இல்ல. எவ்வளவு ஊத்தறது?

பதில்: ஒழுகினத ஒரு தட்டுல பிடிச்சு அளந்திருந்தீங்கன்னா அதே அளவுல ஆரம்பிங்க. அப்புறம் சமதளத்துல இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போது, மேனுவல்ல சொன்ன சூட்டுக்கு ஆயில் வந்ததும் பாக்ஸ்ல அளவு பாக்கறதுக்குன்னு இருக்கற லெவல் பிளக்க தொறந்து பாக்கணும், மெல்லிசா வழிஞ்சா சரியான அளவு. அந்த டிகிரி ஒவ்வொரு பாக்ஸுக்கும் வேற, ஸ்கேனர் இல்லாம தெரியாது, அதனால இந்த ஒரு வேலைய கடைல குடுத்துடுங்க. வண்டிக்கு அடியில போறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்டு போடுங்க. தட்டுல பிடிச்ச ஆயில திரும்ப உள்ள ஊத்தவும் வேணாம், டப்பால போட்டு பழைய ஆயில் எடுக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க.