ஓடும் உடம்புக்குத் தாது மாத்திரை தேவையா? வாசகர் கேள்விகள்

கே: தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஓடினால் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் கூடுமாமே, குறைத்துக்கொள்ளவா?

ப: வேண்டாம், ஓடுங்கள். செல்லைச் சேதப்படுத்தக்கூடிய இந்த நிலையற்ற மூலக்கூறுகள் கூடுவது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு எதிரான தற்காப்பைப் பலப்படுத்தச் சொல்லி தசைக்குப் போகும் தகவலும் அதுதான். 2009-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பாதிக்கு, ஃப்ரீ ராடிக்கலைத் தணிக்கும் மாத்திரையாகத் தினமும் 1,000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 ஐ.யு. வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு மேம்படவில்லை.

கே: இதில் தாதுக்களுக்கு என்ன வேலை?

ப: தற்காப்பு நொதிகள் தாது இல்லாமல் இயங்காது. சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலை அடக்கும் சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூடேஸ் நொதிக்கு செல் திரவத்தில் செம்பும் துத்தநாகமும் வேண்டும், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மாங்கனீஸ். அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்க இரும்பு கொண்ட கேட்டலேஸும், செலினியம் கொண்ட குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் வரும். பற்றாக்குறை இருப்பவருக்குத் தாது கொடுத்தால் பலன் தெரியும். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுப்பதால் தற்காப்பு பெருகிவிடாது.

கே: ஜிம்மில் சொன்னார்கள் என்று தினமும் 50 மி.கி. துத்தநாகம் சாப்பிடுகிறேன். சரியா?

ப: மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால் நிறுத்துங்கள். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வைத்த உச்ச வரம்பே 40 மி.கி. துத்தநாகம் நாள்கணக்கில் மிகுந்தால் குடல் செம்பை உள்ளே விடாது. ரத்தசோகை, நரம்புப் பாதிப்பு வரை போகும். நீங்கள் பலப்படுத்த நினைத்த அதே தற்காப்பு நொதியும் செம்பில்லாமல் தவிக்கும்.

கே: மகள் பள்ளி ஓட்டப்பந்தய வீராங்கனை. சீக்கிரமே சோர்ந்துவிடுகிறாள். இரும்பு மாத்திரை வாங்கித் தரலாமா?

ப: முதலில் ரத்தப் பரிசோதனை, அம்மா. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாயில் இழப்பு உண்டு. போதாதற்கு, கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. குறைபாடு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவு, சொல்லும் காலம் வரை கொடுங்கள். பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: புரதத்தோடு பிணையாமல் உடம்பில் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். சாப்பாட்டில் கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

கே: செலினியம் மாத்திரை?

ப: நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். மீனும் முட்டையும் சாப்பிடுபவருக்கு மாத்திரை அவசியமில்லை. மிகுந்தால் முடி கொட்டும், நகம் உடையும்.