முக்கியமான புள்ளிகளில் டென்னிஸ் வீரர்கள் தடுமாறுவது ஏன்?

பயிற்சியில் நூறு முறை சரியாக அடிக்கும் வீரர், ஆட்டத்தின் முக்கியமான புள்ளியில் மட்டும் சொதப்புவது ஏன், மனத்திடம் இல்லாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்கள் மகனோ மகளோ அண்மையில் வெல்ல வேண்டிய ஆட்டம் ஒன்றைத் தோற்றிருக்க வேண்டும் என்றும், வீடு திரும்பும் வழியில் வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். "மனத்திடம் இல்லை" என்ற அந்தச் சொல்லை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருப்பவன் என்பதால், இதற்குப் பதில் எழுதாமல் கடந்துபோக முடியவில்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் அரையிறுதி. மூன்றாவது செட்டில் 5-3 என்று முன்னிலை, என் சர்வீஸ் (புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடி; முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு), 40-30. ஒரு புள்ளி எடுத்தால் இறுதிப் போட்டி. முதல் சர்வீஸ் வலையின் மேல் நாடாவில் பட்டு என் பக்கமே விழுந்தது. இரண்டாவது பந்தைக் கையில் எடுத்தபோது எதேச்சையாக வேலிப் பக்கம் பார்த்தேன். என் அறை நண்பன், ஆட்டம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், என் துண்டை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். அந்த ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டதும், அவன் அதை முன்னும் பின்னும் ஆட்டியதும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. பந்தைத் தரையில் தட்டினேன். வியர்வையில் விரல்களெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. அப்போதுதான், ஆயிரக்கணக்கான சர்வீஸ்கள் போட்ட பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக, பந்தை எவ்வளவு உயரம் தூக்கிப் போட வேண்டும் என்று யோசித்தேன்.

யோசித்ததுதான் தவறு. பத்திரமாக உள்ளே விழட்டும் என்று குழந்தைக்குச் சோறூட்டுவதைப் போல மெதுவாகத் தள்ளினேன். பந்து வலையின் நடுவில் போய் மோதியது. அதன் பிறகு ஒரு கேமைக்கூட எடுக்க முடியாமல் 5-7 என்று தோற்றேன். "உனக்கு நெஞ்சுல தைரியம் இல்லப்பா" என்று உடற்கல்வி இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அடுத்த ஆண்டு அணியில் என் பெயர் இல்லை.

அது தைரியம் சார்ந்த விஷயமே இல்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. டென்னிஸில் இரண்டாவது சர்வீஸ் ஒரு விசித்திரமான அடி. மட்டையைப் பந்தின் மீது கீழிருந்து மேலாக வேகமாக உரசினால்தான் பந்து சுழலும். சுழன்றால்தான், நடுவில் 91 செ.மீ. உயரமுள்ள வலையை நல்ல இடைவெளியுடன் தாண்டிவிட்டு, 6.4 மீட்டர் ஆழமே உள்ள கட்டத்துக்குள் சட்டென்று இறங்கும். பயம் வந்தால் உடம்பு இயல்பாகவே கையின் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுழற்சி போய்விடும், சுழற்சி போனால் பந்து வலையில் விழும் அல்லது மிதந்து வெளியே போகும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: விழுந்துவிடுவோமோ என்று மெதுவாக மிதிக்கும்போதுதான் சைக்கிள் தள்ளாடும்.

பழகிப்போன ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும்போதே கவனித்தால் அது கெட்டுப்போகும் என்பதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் உளவியலாளர் சியான் பைலாக். தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்கள், தாம் மட்டையை வீசும் விதத்தைக் கவனித்துக்கொண்டே அடித்தபோது மோசமாக அடித்தார்கள் என்றும், கவனம் வேறொன்றில் இருந்தபோது அதைவிட நன்றாக அடித்தார்கள் என்றும், புதிதாகக் கற்பவர்களிடம் இது தலைகீழாக இருந்தது என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. அதாவது, இப்படித் தடுமாறுவதற்கே ஓரளவு தேர்ச்சி வேண்டும். (என்னை நானே தேற்றிக்கொள்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மாட்டேன்.)

"உலக வீரர்களும் நீங்களும் ஒன்றா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஒன்றல்ல, ஆனால் கை எல்லோருக்கும் கைதான். 1993 விம்பிள்டன் பெண்கள் இறுதிப் போட்டியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலையில், 40-30 என்ற நிலையில் சர்வீஸ் போட்டார். டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி பறிபோனது. அதன் பிறகு கிராஃப் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்தார். பரிசளிப்பில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து நோவோட்னா அழுத படம்தான் உலகத்தின் நினைவில் தங்கியது. 1998-இல், 29 வயதில், அதே மைதானத்தில் அவர் கோப்பையை வென்றதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? திடமில்லாதவரா ஐந்து ஆண்டுகள் கழித்து அங்கே திரும்பி வந்து வெல்வார்?

கோட்டைவிட்ட ஒவ்வொரு புள்ளியையும் தடுமாற்றக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்ற நிலையிலிருந்து ஜோகோவிச்சிடம் தோற்றதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். முதல் சாம்பியன்ஷிப் புள்ளியில் (எடுத்தால் கோப்பை) ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அதை வேண்டுமானால் பதற்றம் என்று சொல்லலாம். அடுத்த புள்ளியில் அவர் துணிந்து வலைக்கு முன்னேறினார். ஜோகோவிச் குறுக்காக அவரைத் தாண்டி அடித்துவிட்டார், அவ்வளவுதான். அந்த ஆட்டம் முழுவதிலும் ஃபெடரர் எடுத்தவை 218 புள்ளிகள், ஜோகோவிச் எடுத்தவை 204. கால்பந்தில் முன்னிலையில் இருப்பவரைக் கடிகாரம் காப்பாற்றும். டென்னிஸில் கடைசிப் புள்ளியை நாமே எடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 25 விநாடி வரை சும்மா இருக்கக் கிடைக்கிறது. பயப்படுவதற்கு அது தாராளமான நேரம்.

பெலாரஸ் வீராங்கனை அரினா சபலென்காவின் கதை இன்னும் தெளிவானது. 2022-இல் டபுள் ஃபால்ட்களை வாரி இறைத்த அவர், உடலியக்க நிபுணர் ஒருவருடன் சேர்ந்து சர்வீஸின் அசைவையே திருத்தினார். மனவியலாளரிடம் போவதை நிறுத்திவிட்டதாக அவரே சொன்னார். 2023 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டியில், முதல் சாம்பியன்ஷிப் புள்ளியில் அவர் போட்டது டபுள் ஃபால்ட்தான்! ஆனாலும் நான்காவது வாய்ப்பில் வென்றார். மனவியலாளர்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரித்துப் பின்னூட்டம் இட வேண்டாம். கையின் கோளாறுக்கு மனத்தைத் திட்டிப் பயனில்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எரிச்சலில் சொல்வதாகவே இருக்கட்டும். எங்கள் கல்லூரியில் பயிற்சிக்குத் தந்தவை ரோமம் உதிர்ந்து வழுவழுவென்றாகிவிட்ட பழைய பந்துகள். விளையாட்டுக் கட்டணம் என்று ஒவ்வொரு பருவத்திலும் வாங்கிய பணம் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. போட்டியன்று மட்டும் புதிய டப்பாவைத் திறப்பார்கள். பயிற்சியில் பழகிய பந்து ஒன்று, அரையிறுதியில் கைக்கு வந்த பந்து வேறொன்று. எதிராளிக்கும் அதே பந்துதானே என்பீர்கள். அவருடைய கல்லூரியில் புதிய பந்துகளில் பயிற்சி எடுத்தார்கள்.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் "தைரியமாக ஆடு" என்று சொல்லாதீர்கள், "பார்த்து ஆடு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். களைத்துப்போன நேரத்தில், ஒரே ஒரு இரண்டாவது சர்வீஸ், அது விழாவிட்டால் அன்றைய பயிற்சி முடியாது என்று வைத்து, முழு வேகத்தில் போட்டுப் பழகச் செய்யுங்கள். நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டையர் ஆடுகிறேன். போன மாதம் ஒரு மேட்ச் பாயிண்டில் முதல் சர்வீஸ் தவறியதும், "பார்த்துப் போடுங்க சார்" என்றார் என் கூட்டாளி. கையை முழுதாக வீசினேன். பந்து அரை அடி தள்ளி வெளியே விழுந்தது, வலையில் விழவில்லை.