மாயக் கதையும் மனமும்: வாசகர் கேள்வி–பதில்

மாயாஜாலக் கதை, படம், புராணம் இவற்றின் உள்ளர்த்தம் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

யூடியூபில் படங்களை விளக்குகிறவர்கள் கண்ணாடி, மழை, சிவப்புச் சேலை என்று எதைப் பார்த்தாலும் ஓர் அர்த்தம் சொல்கிறார்கள். எது குறியீடு, எது சும்மா வந்த பொருள் என்று எப்படிப் பிரிப்பது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ஒரு தடவை வந்தால் அது வெறும் பொருள்தான். இரண்டாம் தடவை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவை வரும்போது அது கைமாறி, அதனால் யாருக்காவது ஒரு இழப்போ மாற்றமோ நடந்திருந்தால் குறியீடு என்ற பேச்சைத் தொடங்கலாம்.

படத்தை முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை ஒரு நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி பிரியுங்கள்: எத்தனையாவது நிமிடம், பொருள் யார் கையில், போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம். ‘அர்த்தம்’ என்று நான்காவது பத்தி போடாதீர்கள். போட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே அதை நிரப்பிவிடுவீர்கள். பிறகு படம் அதற்கு எதிராக எதைக் காட்டினாலும் கண்ணில் படாது.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில் வரும் கசப்பு மருந்து உருண்டையைப் பின்தொடர்ந்து பார்ப்போம். யாருக்கோ வைத்திருந்த சாப்பாட்டை அள்ளித் தின்ற அப்பா அம்மா பன்றிகளாகிவிட, சிறுமி சிஹிரோ ஆவிகள் குளிக்க வரும் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். நாற்றமெடுக்கும் சேற்று உருவம் ஒன்று வருகிறது. அதன் உடம்பில் குத்திக்கொண்டிருந்த சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்ததும் குப்பை மொத்தமும் கொட்டுகிறது. வந்தது ஒரு நதியின் ஆவி என்று தெரிகிறது. அது தந்துவிட்டுப் போவதுதான் அந்த உருண்டை. பெற்றோருக்கு என்று சிஹிரோ அதைப் பத்திரப்படுத்துகிறாள். ஆனால் பாதியை, அவளுக்கு உதவிய சிறுவன் ஹாக்கு அடிபட்டுக் கிடக்கும்போது அவன் வாயில் திணிக்க வேண்டியதாகிறது. திருடி விழுங்கிய முத்திரையை அவன் கக்குகிறான். மீதி, தங்கத்தைக் காட்டி ஆட்களை விழுங்கிய முகமில்லா ஆவிக்குப் போகிறது. அதுவும் விழுங்கியதையெல்லாம் வாந்தியெடுக்கிறது. கடைசியில் பெற்றோருக்கு உருண்டை மிச்சமில்லை. அது இல்லாமலேயே அவர்களை மீட்கிறாள்.

நோட்டை இப்போது திருப்பிப் பாருங்கள். தன்னுடையது அல்லாததை உள்ளே வைத்திருப்பவர் அதைக் கக்கினால்தான் பழைய உருவுக்கு வருகிறார். நதிக்கும் அதே கதிதான். ‘பேராசை கூடாது’ என்ற பொத்தாம்பொதுவான விளக்கத்தைவிட இது படத்துக்கு நெருக்கமானது.

கடைசியாக மாற்றிப்பார்க்கும் சோதனை. உருண்டைக்குப் பதில் மந்திரக்கோலை வையுங்கள்: கக்குவது போய்விடும், படமும் குலைந்துவிடும். உங்கள் சிவப்புச் சேலையைப் பச்சையாக்கியும் கதை அசையவில்லை என்றால், அது காஸ்ட்யூமர் எடுத்த முடிவு. அவ்வளவுதான்.

கடல் என்றால் ஆழ்மனம் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்களுக்குக் கடல்தான் தொழில். எது சரி?
– வாசகர், காசிமேடு

தண்ணீரை நனவிலியின், அதாவது நீங்கள் சொல்லும் ஆழ்மனத்தின், உருவமாகப் பார்த்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யூங் (1875–1961). ஆனால் கனவு கண்டவரிடம் ‘உனக்கு இது என்ன?’ என்று கேட்டு, அதன் பிறகே புராணங்களில் அதே உருவத்தைத் தேடுவது அவர் வழக்கம். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் அகராதியாக அச்சிட்டால் நீங்கள் படித்த புத்தகம் வந்துவிடும். நீச்சல் தெரியாத ராஜகுமாரன் மூழ்கும் கடலும், விடியற்காலையில் விசைப்படகு எடுத்துப்போகிறவரின் கடலும் ஒரே கதையில் வந்தால்கூட ஒன்றல்ல.

சாதாரணக் காரணத்தை முதலில் பாருங்கள். கரையில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகளைக் காட்டி ‘நாயகனின் உறைந்துபோன மனம்’ என்று ஒருவர் எழுதலாம். கதை நடப்பது மே மாதமென்றால் அது மீன்பிடித் தடைக்காலம்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அந்த வருமானமில்லாத நாட்களையும் கதை பயன்படுத்தினால், அப்புறம் மனத்தைப் பற்றிப் பேசலாம்.

யூங்குக்கு வெகுகாலம் முன்பே நிலத்தை வைத்து மனத்தைச் சொல்லும் முறை நம்மிடம் உண்டு. முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள உயிர்களும் பொருள்களும்), உரி (அதற்குரிய உணர்வு) என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரியது இரங்கல். அங்கே கடலின் ஆழத்தைவிடக் கரையில் காத்திருப்பவரின் தவிப்புதான் பெரிது. காசிமேட்டுக் கதைக்கு இந்தச் சாவி பொருந்துகிறதா என்று முதலில் போட்டுப் பாருங்கள். இயற்கைக் காட்சிக்குள் மனிதர் செயலை ஒளித்துச் சொல்லும் உள்ளுறைக்கு அகநானூறு 46ஐப் படியுங்கள்: தொழுவத்துச் சேறு பிடிக்காத எருமை இரவில் கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, குளத்தில் இறங்கி வள்ளைக் கொடியைக் குழப்பித் தாமரையைத் தின்கிறது. வீட்டை விட்டுப் பரத்தையிடம் போன கணவனைப் பற்றித் தோழி நேராகப் பேசத் தொடங்கும் முன்பே எருமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு ‘நாயகன் பயணம்’ மாதிரியை ஒரு படத்தில் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் படத்தை எடுத்தாலும் பொருந்துகிறது. எங்கே தவறு?
– மாணவர், வியாசர்பாடி

தவறு சட்டையில், அதாவது அந்த மாதிரியில், இருக்கிறது, ஆளிடம் இல்லை. அந்த மாதிரியைத் தந்த அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்ற மூன்று பகுதிகளில் 17 கட்டங்களைச் சொன்னார். ‘அழைப்பு’ என்ற கட்டத்தை போன் வந்ததற்கும் வைத்துக்கொள்ளலாம், ட்ரான்ஸ்ஃபர் ஆர்டருக்கும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பொருந்துகிறது என்று நிரூபிப்பதில் மதிப்பெண் இல்லை. எது விடுபட்டது, எது தலைகீழானது என்று தேடுங்கள்.

படத்தைவிட நல்ல பயிற்சி மணிமேகலை. மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத்துக்கு எடுத்துப்போகிறது, மறுப்பதற்கு இடமேயில்லை. அங்கே முற்பிறப்பு தெரிகிறது, அமுதசுரபி கிடைக்கிறது, புகாருக்குத் திரும்புகிறாள். இதுவரை கேம்பல் தலையாட்டுவார். ஆனால் கொண்டுவந்தது வாளோ ராஜ்ஜியமோ அல்ல, பசிப்பவனுக்குச் சோறு. தன்னை விரும்பித் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை மணிமேகலை எடுத்ததில், காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தவறாகப் புரிந்துகொண்டு உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மாறுவேடத்துக்கு ஓர் உயிர் விலையாகிறது. 17 கட்டங்களில் இதற்கு இடம் எங்கே என்று கேட்டு நான்கு பக்கம் எழுதினால் ப்ராஜெக்ட் தேறும்.

கட்டங்கள் இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் ரஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப்பை (1928) எடுங்கள். அவர் சொன்ன 31 செயல்களின் வரிசை மாறக் கூடாது என்பதால் பொருந்தாமை சட்டென்று தெரியும்.

சுந்தரர் கண் இழந்த கதை எங்கள் ஊர்க் கோயில் கதை. இதையும் மனவியல் கண்ணோடு பார்க்கலாமா? தப்பாகிவிடுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பார்க்கலாம். நடந்ததா இல்லையா என்ற தீர்ப்பு இதில் வராது. கதை தன் கண்ணிகளை எப்படிக் கோத்திருக்கிறது என்பதே கேள்வி.

பெரியபுராணம் சொல்கிற வரிசையை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிய மாட்டேன் என்று, திருவொற்றியூரில் மணக்கப்போகும் சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் செய்தால் மீற முடியாது என்பதால், அந்த நேரத்துக்கு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவன் சம்மதித்துவிட்டு, மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிச் சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறார். தப்பிக்கப் போட்ட வழியே முடிச்சாகிறது. பின்னாளில் திருவாரூர் வசந்த விழா நினைவு வர, ஊர் எல்லையைத் தாண்டுகிறார். பார்வை போகிறது.

போவது எல்லையில் என்பதைக் கவனியுங்கள். திருவாரூரை நினைத்தபோது போகவில்லை. கால் எடுத்து வைத்தபோதுதான் போகிறது. திரும்ப வருவதும் ஒரே மூச்சில் இல்லை. வெண்பாக்கத்தில் (இன்றைய பூண்டிப் பக்கம்) ஊன்றுகோல் மட்டும், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். வெண்பாக்கத்தில் கோயிலுள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு ‘உளோம் போகீர்’ என்று பதில் வருகிறது. வாக்குத் தவறியவனுக்கும் உறவு முறியவில்லை, ஆனால் பழைய நெருக்கம் உடனே திரும்பவும் இல்லை. ஊன்றுகோலுக்கும் அந்தப் பதிலுக்கும் இடையே இருக்கும் பொருத்தம்தான் இந்தக் கதையில் மனவியல் தேடுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கண் இழப்பு என்றதும், அந்தப் பயத்தைத் தகப்பனோடு இணைத்த உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் 1919ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தகப்பன் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். அந்த வாசிப்புக்குத் தகப்பனோடு ஒரு போட்டி வேண்டும். இந்தக் கதையில் இருப்பது ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொல். இந்தியக் கதைகளில் இடிபஸ் முடிச்சு (தாய் மீது ஆசை, தகப்பனோடு போட்டி) பெரும்பாலும் தலைகீழாகவே வருகிறது என்று ஏ.கே. ராமானுஜன் காட்டியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏழு வயசுப் பையன் பூதக் கதை கேட்டால் ராத்திரி பயப்படுகிறான். அர்த்தத்தைச் சொல்லிப் புரியவைக்கலாமா?
– தாய், கொருக்குப்பேட்டை

வேண்டாம். ‘பூதம் உன் கோபம்தான், கண்ணா’ என்று சொன்னால் பயம் கதையிலிருந்து அவன் மேலேயே இறங்கும். பூதத்தை வரையச் சொல்லுங்கள், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள், கதையை முடிவு வரை கொண்டுபோங்கள். பாதியில் நிறுத்துவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் கதையை விட்டுவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

வில்லன்தான் நாயகனின் ‘நிழல்’ என்பது எப்போதும் உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

இல்லை. யூங் சொன்ன நிழல், நாயகன் தன்னிடம் இருப்பதாக ஒத்துக்கொள்ளாத பகுதி. 1980இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் லூக் குகைக்குள் வில்லன் டார்த் வேடரின் தலையை வெட்ட, உடைந்த முகமூடிக்குள் லூக்கின் முகமே தெரிகிறது, அங்கே சந்தேகமில்லை. நம் படங்களில் ஒரே நடிகர் இரட்டை வேடம் போட்டால் மட்டும் நிழல் ஆகிவிடாது. வில்லனிடம் இருப்பதை நாயகன் ஒரு காட்சியிலாவது ஆசைப்பட்டோ அருவருத்தோ மறைக்கிறானா என்று பாருங்கள். அந்தக் காட்சி இல்லையென்றால் அவன் வெறும் வில்லன்.