கணவர் சொன்னதைச் சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். கணவர் மீது திருச்சியில் நிலப் பத்திர மோசடி வழக்கு. புகார் கொடுத்தவர் அவருடைய அண்ணன். அரசுத் தரப்புச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. "கையெழுத்தை நான்தான் போட்டேன்" என்று கணவர் தொலைபேசியில் சொன்னார், வாட்ஸ்அப்பிலும் எழுதினார். ஊருக்குப் போயிருந்தபோது அவர் சில பத்திரங்களை எரித்ததையும் பார்த்தேன். எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: சகோதரி, வழக்கு இந்தியாவில் நடப்பதால் அந்நாட்டுச் சட்டமே பொருந்தும். சிங்கப்பூர் வழக்குகளுக்கு 1893ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தனியாக உள்ளது. இந்தப் பதிலை இங்குள்ள வழக்குக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

மனைவி என்பதால் சம்மனைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் திருமண வாழ்க்கையின்போது கணவர் உங்களிடம் சொன்னதை வெளியிடும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களே சொல்ல விரும்பினாலும் அவர் சம்மதிக்காமல் நீதிமன்றம் அனுமதிக்காது. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, இரண்டும் சொல்வது இதைத்தான். தம்பதியருக்கு இடையிலான வழக்கும், ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றமும் மட்டுமே விலக்கு. அண்ணன் கொடுத்த புகார் அதில் சேராது. பெற்ற பிள்ளைக்கு எதிரான குற்றம்கூட அந்த விலக்கில் சொல்லப்படவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய நாடாளுமன்றம் திருத்தியே ஆக வேண்டிய குறை இது.

பத்திரம் எரித்த விஷயம் வேறு. 1954இல் ராம் பரோசே என்பவர் மீதான கொலை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பேச்சையும் செயலையும் பிரித்துப் பார்த்தது. கணவன் விடியற்காலையில் கூரையிலிருந்து இறங்கி வந்து, வைக்கோல் அறைக்குப் போனதையும் குளித்ததையும் மனைவி கண்டிருந்தாள். நகைகளைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதை நீதிமன்றம் ஒதுக்கியது, அவள் கண்ணால் கண்டதை ஏற்றது. ஆகவே எரித்ததைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எரித்தபடியே அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அந்தச் சொற்களுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

வாட்ஸ்அப்பில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வர்கீஸ் எதிர் பொன்னன் வழக்கில், கணவன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் மாமனார் கைக்குப் போயின. மனைவியின் வாய்மொழி இல்லாமல் வேறு வழியில் அவற்றை நிரூபிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பின்னாளில் மணமுறிவு ஏற்பட்டாலும், மணவாழ்வின்போது பேசியதற்குப் பாதுகாப்பு நீங்காது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எனவே செய்திகள் வேறு வழியில் நீதிமன்றத்துக்கு வந்தால், உங்கள் மௌனம் அவற்றைத் தடுக்காது. ஒலிபெருக்கியில் பேசியபோது மாமியார் கேட்டிருந்தால் அவரும் சாட்சி சொல்லலாம்.

கூண்டில், "கணவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டாம். "இது மணவாழ்வில் அவர் என்னிடம் பேசியது" என்று நீதிபதியிடம் சொல்லி, அவர் உத்தரவுக்குக் காத்திருங்கள். கணவரின் வழக்கறிஞரைத் தவிர உங்களுக்கென்று திருச்சியில் ஒரு வழக்கறிஞரை இப்போதே அமர்த்திக்கொள்ளுங்கள். பயத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். சாட்சியத்தை அழித்ததாக உங்கள் மீதே வழக்கு வரக்கூடும்.