அமெரிக்க அதிபர் தேர்வாளர் கட்சி மாறி வாக்களிக்கலாமா? லாரன்ஸ் லெசிக் வாதம் ஏன் தோற்றது?

மக்கள் வாக்களித்த பிறகு, தங்கள் மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்களே தேர்வாளர்கள். மாநிலச் சட்டம் தடுத்தால் அவர்கள் மாறி வாக்களிக்க முடியாது. தடுக்காத மாநிலத்தில் இன்றும் முடியும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர், வெல்ல 270 வேண்டும். முடிவு 270-268 என்று வந்தால் ஒரே ஒருவர் மாறினாலும் பெரும்பான்மை போய்விடும். அப்படியொரு நெருக்கடி வருவதற்கு முன்பே விடை தெரிய வேண்டும் என்பதுதான் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லெசிக்கின் நோக்கம். என் பார்வையில் அவருடைய பெரிய பங்களிப்பும் அதுவே.

லெசிக் வாதாடிய வழக்குக்கு வித்து 2016 தேர்தல். வாஷிங்டன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களிக்க வேண்டிய மூவர் குடியரசுக் கட்சியின் காலின் பவல் பெயரை எழுதினார்கள். தலைக்கு 1,000 டாலர் அபராதம். கொலராடோவில் ஒருவர் வாக்குச்சீட்டில் கிளின்டன் பெயரை அடித்துவிட்டு குடியரசுக் கட்சியின் ஜான் கேசிக் என்று எழுதினார். அந்தச் சீட்டைத் தள்ளிவிட்டு, அவர் இடத்தில் மாற்றுத் தேர்வாளரை அமர்த்தினார்கள்.

அரசியலமைப்பில் 'தேர்வாளர்', 'வாக்கு', 'வாக்குச்சீட்டு' என்ற சொற்களுக்குள்ளேயே சுயமுடிவு அடங்கியிருக்கிறது என்பது லெசிக் வாதம். 2020 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அதை ஏற்க மறுத்தார்கள். தேர்வாளரை நியமிக்கும் மாநிலத்தின் அதிகாரத்துக்குள் நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் உண்டு என்று நீதிபதி எலெனா கேகன் எழுதினார்.

சட்டத்தின் வடிவமும் முக்கியம். அபராதம் மட்டும் என்றால் மாறிய வாக்கு எண்ணப்பட்டுவிடும். வாஷிங்டனில் அதுதான் நடந்தது. சீட்டை ரத்து செய்து ஆளையும் மாற்றும் கொலராடோ முறைதான் முடிவைக் காக்கும்.