பெர்லினில் போய் பெர்லினர் கேட்டால்

கேள்வி: 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி "நான் ஒரு பெர்லின்காரன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லப் போய், இலக்கணப் பிழையால் "நான் ஒரு ஜாம் பன்" என்று சொல்லிவிட்டார், கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. கூட்டம் சிரித்தது மட்டும் உண்மை, ஆனால் அது வேறு விஷயத்துக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதே வார்த்தையால் நான் பல்பு வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஜெர்மனிக்குப் படிக்க வந்த புதிதில் நான் இருந்தது ஆஹன் நகரத்தில். மேற்கு எல்லை, கொஞ்சம் நடந்தால் பெல்ஜியம். அங்கே பேக்கரிக் கண்ணாடிக்குள் ஒரு பண்டம் அடுக்கி வைத்திருப்பார்கள். சாத்துக்குடியை மேலும் கீழும் லேசாக அமுக்கின மாதிரி உருண்டை. மேலே பொடித்த சர்க்கரை. கடித்தால் உள்ளே ஜாம். அதற்கு அங்கே பெயர் "பெர்லினர்". இரண்டு வருஷம் அதைத் தின்றே வளர்ந்தேன் என்று சொல்லலாம்.

பிறகு வேலை கிடைத்து பெர்லினுக்கே வந்தேன். முதல் வாரம், காலை ஏழரை மணி, நொய்கோல்ன் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. பின்னால் வரிசை. பெர்லினர் பிறந்த ஊருக்கே வந்துவிட்டோம் என்ற தெம்பில், வேற்றுமை உருபெல்லாம் சரியாகப் போட்டு, "ஐனென் பெர்லினர், பிட்டெ" என்றேன். ஒரு பெர்லினர் கொடுங்கள்.

கடைக்கார அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பெர்லினர்னா உங்களுக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. யாரைப் பொட்டலம் கட்டித் தர?"

பின்னால் நின்ற நாலு பேரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றார்கள். எத்தனை தடவை கேட்ட ஜோக்கோ. இந்த ஊர்க்காரர்களின் வாய்த்துடுக்குக்கு "பெர்லினர் ஷ்னௌட்ஸ" என்று பெயரே இருக்கிறது. ஷ்னௌட்ஸ என்றால் நாய் மாதிரி மிருகங்களின் மூக்கும் வாயும் சேர்ந்த பாகம். அன்புடன் வைத்துக்கொண்ட பெயர்தான்.

விஷயம் இதுதான்: பெர்லினில் பெர்லினரை யாரும் பெர்லினர் என்று சொல்வதில்லை. இங்கே அது "ப்ஃபன்கூஹன்". நேர்ப்பொருள் சட்டிக் கேக். ஆனால் ஜெர்மனியின் மற்ற பல இடங்களில் ப்ஃபன்கூஹன் என்றால் தோசைக்கல்லில் வார்க்கிற முட்டை மாவு அடை. அப்படியானால் அந்த அடைக்கு பெர்லினில் என்ன பெயர்? "ஐயர்கூஹன்". ஜெர்மனில் "ஐயர்" என்றால் முட்டைகள். இதை ஊரில் அம்மாவிடம் போனில் விளக்கப் போய் ஒரு மணி நேரம் போனது தனிக்கதை.

தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இதே உருண்டை "க்ராப்ஃபன்". வியன்னாவில் உள்ளே ஆப்ரிகாட் ஜாம்தான் வைக்கவேண்டும், வேறு எதையாவது வைத்தால் முகம் சுளிப்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட் இருக்கிற ஹெஸ்ஸன் பக்கம் "க்ரெப்பல்". வடக்கிலும் மேற்கிலும்தான் "பெர்லினர்". அதாவது பெர்லினுக்குத் தூரத்தில் இருக்கிறவன் வைத்த பெயர்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் தென்காசிப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பெயர் "பல்லாரி". கடையில் போய் "ஒரு கிலோ பல்லாரி போடுங்க அண்ணாச்சி" என்றால் யாரும் கர்நாடகத்து பல்லாரி ஊரை நிறுக்க மாட்டார்கள். பல்லாரி வெங்காயம் என்பதில் வெங்காயம் உதிர்ந்து ஊர் மட்டும் நின்றுவிட்டது. பல்லாரிக்காரரிடம் போய் பல்லாரி கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது ஊரின் பெயர்தான். கல்யாண வீட்டில் "காஞ்சிபுரம் கட்டிட்டு வந்திருக்கா" என்பதும் இந்தக் கணக்குதான்.

பெர்லினிலும் நடந்தது அதேதான். "பெர்லினர் ப்ஃபன்கூஹன்", பெர்லின் சட்டிக் கேக், என்பதில் வால் அறுந்து "பெர்லினர்" மட்டும் மிஞ்சியது. ஆனால் ஜெர்மன் மொழியில் கூடுதலாக ஒரு வில்லங்கம். ஊர்ப் பெயரோடு "-அர்" சேர்த்தால் அந்த ஊர் ஆளும் வரும், அந்த ஊருக்கு உரியது என்ற பெயரடையும் வரும். பெர்லின் சுவர் "பெர்லினர் மௌவர்", பெர்லின் காற்று "பெர்லினர் லுஃப்ட்", பெர்லின் மனிதர் வெறும் "பெர்லினர்". நமக்கு இந்தச் சிக்கல் கிடையாது. திருநெல்வேலி அல்வாவில் அல்வாவைக் கழற்றினாலும் திருநெல்வேலிதான் மிஞ்சும், திருநெல்வேலிக்காரர் வந்து நிற்க மாட்டார். அவர்களுக்கோ பண்டமும் ஆளும் ஒரே எழுத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஹம்பர்கரும் அப்படித்தான், ஹம்பர்க் ஊர்க்காரர். வியன்னாக்காரர் "வீனர்", ஃபிராங்க்ஃபர்ட்காரர் "ஃபிராங்க்ஃபர்ட்டர்", இரண்டும் சாஸேஜ் பெயர்கள். ஜெர்மன்காரர்கள் வீனர் என்று தின்கிற சாஸேஜை வியன்னாக்காரர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்று தின்கிறார்கள். பழியை அடுத்த ஊர்மேல் போடுவது எல்லா மொழியிலும் உண்டு போல.

இனி கென்னடி.

1963 ஜூன் 26. பெர்லின் சுவர் எழும்பி 22 மாதம். மேற்கு பெர்லினின் ஷோன்பெர்க் நகர மண்டபத்துக்கு முன்னால் கூடிய கூட்டம் நாலரை லட்சம் வரை இருக்கும் என்று கணக்கு சொல்கிறார்கள். மேடையில் மேயர் வில்லி பிராண்ட், ஜெர்மன் பிரதமர் அடனாவர். கென்னடிக்கு ஜெர்மன் தெரியாது, நாக்கும் வளையாது. அதனால் சொல்லவேண்டிய வரிகளை ஒரு சீட்டில் தன் கையாலேயே, காதில் விழுகிறபடி எழுதி வைத்துக்கொண்டார். நாம் ஹிந்திப் பாட்டைத் தமிழில் எழுதி வைத்துப் பாடுவோமே, அப்படி. "இஷ் பின் ஐன் பேர்லீனர்". பேச்சில் வருகிற "நான் ரோமானியக் குடிமகன்" என்ற லத்தீன் வரியையும் அதே மாதிரி "கிவிஸ் ரோமானுஸ் சும்" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டின் படத்தைப் பார்த்தேன், அவசரக் கிறுக்கல். உச்சரிப்புக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் லோக்னர் என்ற மொழிபெயர்ப்பாளர். அமெரிக்கர்தான், ஆனால் வளர்ந்தது பெர்லினில். பக்கத்தில் நின்ற பிராண்டின் தாய்மொழி ஜெர்மன். இத்தனை பேர் இருந்தும் மேடையில் இலக்கணப் பிழை விழுந்தது என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா?

பிழை என்பவர்கள் சொல்வது இது: "இஷ் பின் பெர்லினர்" என்றால் நான் பெர்லின்காரன். நடுவில் "ஐன்", அதாவது "ஒரு", வந்துவிட்டதால் பண்டமாகிவிட்டதாம்.

இந்த "ஒரு"வைப் புரிந்துகொள்ள ஜெர்மன் படிக்கவே வேண்டாம், தமிழ் போதும். "அவன் நடிகன்" என்றால் அது அவன் பிழைப்பு. "அவன் ஒரு நடிகன்ப்பா, நம்பாதே" என்றால் அவன் பாங்கில் கிளார்க்காகக்கூட இருக்கலாம். ஜெர்மனிலும் இதே உதாரணம் அப்படியே பொருந்துகிறது. "ஐன்" இல்லாமல் சொன்னால் பிறப்பு, தொழில், ஊர் என்று அப்பட்டமான தகவல். "ஐன்" சேர்த்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அவர்கள் மாதிரி ஒருவன் என்று உருவகமாகவும் சொல்லலாம். பாஸ்டன் வாடையோடு பேசுகிற அமெரிக்க அதிபர் "இஷ் பின் பெர்லினர்" என்றிருந்தால்தான் அபத்தம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தேன் என்று பொய் சொன்ன மாதிரி ஆகியிருக்கும். யூர்கன் ஐகோஃப் என்ற மொழியியலாளர் 1993-ல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதி முடித்துவைத்தார். முடித்துவைத்தார் என்று நான்தான் சொல்கிறேன், இணையம் கேட்கவில்லை.

"ஐன் பெர்லினர்" என்பதற்குப் பண்டம் என்ற அர்த்தம் இருக்கவே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மேடையில் ஏறி "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நான் ரோமானியக் குடிமகன் என்பதுதான் பெரிய பெருமை, இன்றைக்கு..." என்று ஒரு மனுஷன் ஆரம்பிக்கும்போது எவனுக்கு ஜாம் ஞாபகம் வரும்? அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது பெர்லின் கூட்டம். அவர்கள் ஊரில் அந்தப் பண்டத்துக்கு அந்தப் பெயரே இல்லை! அந்தச் சிரிப்புக் கதை இங்கிலீஷ் பத்திரிகைகளில் பிரபலமானதே 1980-களில். பேச்சு நடந்து இருபது வருஷம் கழித்து, ஜெர்மன் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த சிரிப்பு.

நிஜச் சிரிப்பு எது தெரியுமா? ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கலாம். கென்னடி அந்த வரியைச் சொன்னதும் ஆரவாரம். மேடையில் இருந்த மொழிபெயர்ப்பாளர், தன் கடமை தவறாமல், ஜெர்மனில் சொன்ன அதே வரியை ஜெர்மனிலேயே திரும்பச் சொல்கிறார். உடனே கென்னடி, "என் ஜெர்மனை மொழிபெயர்த்த மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி" என்கிறார். அதற்குத்தான் சிரிப்பு. பேச்சின் கடைசி வரியாக மறுபடி அதையே சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை, கைதட்டல்தான்.

அந்த வருஷம் நவம்பர் 22-ம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்றே நாளில் அந்தச் சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் அங்கே பழைய சாமான் சந்தை போடுகிறார்கள். ஒருமுறை உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் நடுவே நின்று அவர் நினைவாக வைத்த பலகையைப் படித்தேன்.

பண்டத்தைப் பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். நல்ல ப்ஃபன்கூஹனுக்கு இடுப்பைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். ஈஸ்ட் போட்டு நன்றாகப் பொங்கின மாவு எண்ணெயில் பாதிதான் அமிழும், மீதி மிதக்கும். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டால், எந்தப் பக்கமும் எண்ணெய்க்குள் முழுசாகப் போகாத நடுப்பட்டை மட்டும் வெள்ளையாக நின்றுவிடும். வளையம் இல்லை என்றால் மாவு சரியாகப் பொங்கவில்லை, உள்ளே கட்டியாக இருக்கும், வாங்காதீர்கள். பொரித்த பிறகுதான் பக்கவாட்டில் ஊசி மாதிரிக் குழாய் குத்தி ஜாம் ஏற்றுவார்கள். டிசம்பர் 31 ராத்திரி யாராவது தட்டில் நீட்டினால் உஷார். ஏதாவது ஒன்றில் ஜாமுக்குப் பதில் கடுகு விழுது இருக்கும். இரண்டு வருஷம் எனக்கே வந்தது.

போன மாதம் பழைய நண்பர்களைப் பார்க்க ஆஹன் போயிருந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பேக்கரியில் பழக்கதோஷத்தில் "இரண்டு ப்ஃபன்கூஹன்" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பையன் ஒரு நிமிஷம் முழித்தான். அப்புறம் கண்ணாடிக்குள் கையைக் காட்டி, "இதா? ஸிண்ட் ஸீ பெர்லினர்?" என்றான். நீங்கள் பெர்லின்காரரா?

"ஐன்" போடவில்லை. "யா" என்றேன்.